மாரத்தானில் ஒருநாள் வாலண்டியராக நிற்பது எப்படி இருக்கும்? ஓடத் தெரியாதவர்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஓடத் தெரிய வேண்டியதே இல்லை, நிற்கத் தெரிந்தால் போதும். என்ன, ஏழு மணி நேரம் நிற்க வேண்டும்.

நான் ஐந்தாறு வருஷம் ஓடிக்கொண்டிருந்தவன். முழங்கால் ஜவ்வு கிழிந்து, டாக்டர் "இனிமே நடந்தா போதும் சார்" என்று சொன்ன பிறகுதான் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தேன். சென்னையில் ஜனவரி மாதம் நடந்த ஓட்டம் அது. எனக்குக் கிடைத்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தண்ணீர் மேசை. ஃபுல் மாரத்தான், அதாவது முழு 42.195 கிலோமீட்டர், ஓடுபவர்களுக்கு அது 32வது கிலோமீட்டர். "நல்ல இடம் மாட்டியிருக்கு உங்களுக்கு" என்று சிரித்தார் எங்கள் குழுவின் பொறுப்பாளர். அவர் ஏன் சிரித்தார் என்பது ஏழரை மணிக்குத்தான் புரிந்தது.

வெயிலுக்குப் பயந்து ஃபுல்லை அதிகாலை 4 மணிக்கே கிளப்பிவிடுவார்கள். நாங்கள் அதற்கும் முன்னால் மேசையில் இருக்க வேண்டும். மார்கழி மாதம். குறுக்குத் தெருவில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்கள் மஞ்சள் டீ ஷர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, "பஜனை கோஷ்டியா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் ஒன்றரை மணி நேரம் வேறு எதுவும் கிடையாது, கப் நிரப்புவதுதான். கணக்கு இதுதான்: 2,000 பேர் வருகிறார்கள், ஆளுக்கு இரண்டு மூன்று கப் எடுப்பார்கள் (ஒன்று வாய்க்கு, ஒன்று தலைக்கு). ஆக 5,000 கப். கப்பைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, நிரப்பினால் ஓடுகிறவன் மூக்கில்தான் போகும். கப்புக்கு 100 மில்லி என்றால் 500 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 25. மேசை முழுக்கக் கப்பை அடுக்கி, மேலே ஒரு அட்டையைப் பரப்பி, அதன்மேல் அடுத்த அடுக்கு, அதற்கு மேல் இன்னொன்று. மூன்று மாடிக் கட்டடம். காலேஜ் பையன் ஒருவன் நான்காவது மாடி கட்டப் பார்த்தான். என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கப் கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டீக்கடையில் டம்ளர் நீட்டுவது போல இறுக்கிப் பிடித்து நீட்டினால் தண்ணீர் இருவர் மேலும் கொட்டும். கப்பின் அடியை விரல்நுனியில் லேசாகத் தாங்கி, கையை நன்றாக நீட்டி, வருகிறவர் கண்ணைப் பார்க்க வேண்டும். பழகிய ஓட்டக்காரர் பத்தடி முன்பே உங்களை நோக்கி விரலை நீட்டுவார், 'உன்னுடையதைத்தான் எடுக்கப் போகிறேன்' என்று அர்த்தம். அவர் எடுக்கும் நொடியில் உங்கள் கை அவர் போகும் பக்கமாகவே கொஞ்சம் போக வேண்டும். கூடவே வாய் ஓயாமல் "தண்ணி, தண்ணி, தண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இது வெறும் உற்சாகக் கூச்சல் இல்லை. பக்கத்து மேசையில் எலக்ட்ரோலைட் (உப்பும் சர்க்கரையும் கலந்த பானம்) இருக்கிறது, எது எது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இதை நான் என் தப்பிலிருந்து கற்றுக்கொண்டேன். விடிவதற்கு முன்னால், அவசரத்தில், ஆரஞ்சு கலர் எலக்ட்ரோலைட் ஊற்றிய கப் ஒரு வரிசையைத் தண்ணீர் மேசையில் வைத்துவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் கலர் தெரியவில்லை. ஒருவர் வந்தார், இரண்டு எடுத்தார், ஒன்றைக் குடித்தார், இன்னொன்றை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார். சர்க்கரைத் தண்ணீர் கண்ணில் வழிய அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் கேனையே தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன், டாக்டர் சொன்ன முழங்காலோடு.

முதல் ஆள் 5:50 வாக்கில் வந்தார். வந்தார் என்பதைவிட, போய்விட்டார் என்பதே சரி. நாங்கள் கைதட்டத் தொடங்கும்போது அவர் முதுகுதான் தெரிந்தது. வேகமாக ஓடுபவர்களுக்கு நம்மால் பெரிதாக ஆகப்போவது எதுவும் இல்லை. ஏழு மணிக்கு மேல்தான் கூட்டம், ஏழரைக்கு மேல்தான் 32வது கிலோமீட்டர் என்றால் என்ன என்பது தெரியும். உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிதான். பெரும்பாலானவர்களுக்கு அது முப்பது கிலோமீட்டர் சுமாரில் காலியாகும். ஓட்டக்காரர்கள் இதை 'சுவரில் மோதுவது' என்பார்கள். பேச்சு குழறும், சிலர் காரணமில்லாமல் அழுவார்கள். நன்றாக ஓடிவந்த ஒருவர் எங்கள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, எதுவும் கேட்காமல், கப்புகளையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் சொல்லக் கூடாத ஒரே வார்த்தை, "கொஞ்ச தூரம்தான், வந்தாச்சு!" இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். நான் முதலில் அப்படித்தான் கத்தினேன். ஒரு அம்மா நின்று நிதானமாக, "சார், கொஞ்சம்னா எவ்ளோ?" என்றார். அதிலிருந்து சரியான எண்ணைத்தான் சொல்கிறேன்: "பத்து இருக்கு மேடம், அடுத்த தண்ணி இங்கிருந்து ரெண்டாவது கிலோமீட்டர்ல." அதே மாதிரி, டாய்லெட் எங்கே என்று பெண்கள் நிறையப் பேர் கேட்பார்கள். போனவுடன் முதல் வேலையாக அதை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடக் கொடுத்ததில் என்ன போனது, என்ன மிஞ்சியது என்றால், ஆரஞ்சுச் சுளையும் உப்பும் பறந்தன. கடலை மிட்டாய் அப்படியே கிடந்தது. நான் கோவில்பட்டிக்காரன், 2020இல் எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவுக்கே வாங்கிக் கொடுத்தவன். ஆனாலும் சொல்கிறேன், எச்சில் வற்றிய வாயில் அதை மெல்ல முடியாது.

நடுநடுவே வாட்ச் சண்டை வேறு. "உங்க 32 போர்டு தப்பு, என் வாட்ச்ல 32.4 காட்டுது!" முறைப்படி அளந்த பாதை என்றால், சைக்கிள் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற கருவியை மாட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளந்திருப்பார்கள். தப்பித் தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42.195 கிலோமீட்டருக்கு 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நாம் யாரும் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. வளைவில் வெளிப்பக்கம் போகிறோம், தண்ணீர் மேசைக்கு ஒதுங்குகிறோம். மீதியை ஜிபிஎஸ் பார்த்துக்கொள்ளும். இதையெல்லாம் 32 கிலோமீட்டர் ஓடிவந்தவரிடம் விளக்க முடியுமா? "சரி சார், தண்ணி எடுத்துக்கோங்க" என்று விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுத்தாலும் விடாமல் தண்ணீரைத் திணிப்பது உதவி இல்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2005இல் ஒரு ஆய்வு வெளியானது. 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது, அதில் மூன்று பேருக்கு ஆபத்தான அளவுக்கு. ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் இதில் அதிகம் மாட்டியவர்கள். அதாவது பின்னால் மெதுவாக, ஒவ்வொரு மேசையிலும் நின்று குடித்துக்கொண்டு வருகிறவர்கள். தண்ணீர் பற்றாமல் போனாலும் வம்புதான். 2007 சிகாகோ மாரத்தானில் வெயில் 31 டிகிரியைத் தொட்டு, சில மேசைகளில் தண்ணீர் தீர்ந்து, ஓட்டத்தையே பாதியில் நிறுத்தினார்கள்.

முந்தின நாள் வாலண்டியர் கூட்டத்தில் ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்தது எளிய சோதனை: தள்ளாடி வருகிறவரிடம் அவர் பிப் நம்பரை, அதாவது நெஞ்சில் குத்தியிருக்கும் அட்டையின் எண்ணை, கேளுங்கள். எங்களிடம் ஒருவர் சிக்கினார். நெஞ்சில் நான்கு இலக்க எண்ணைக் குத்திக்கொண்டு, கேட்டதற்குப் பத்து இலக்கத்தில் ஏதோ போன் நம்பர் சொன்னார். உட்கார வைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, பிப்பைத் திருப்பிப் பார்த்து வீட்டுக்குப் பேசினோம். பின்பக்கம் அவசர நம்பரை எழுதியிருந்தார், புண்ணியவான். நிறையப் பேர் அதை எழுதுவதே இல்லை. பிற்பாடு அவர் தேறிவிட்டதாகத் தகவல் வந்தது.

அன்றைக்கு எங்களில் யாரையும்விட வேலை தெரிந்தவர் என்றால் துப்புரவுப் பணிக்கு வந்திருந்த அக்காதான். குப்பைத் தொட்டிகளை நாங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே வரிசையாக வைத்திருந்தோம். ஒரு கப்கூட உள்ளே விழவில்லை. கொஞ்ச நேரம் துடைப்பத்தை ஊன்றி நின்று பார்த்தவர், "ஏம்ப்பா, வாங்கின இடத்துலயா குடிச்சு முடிக்கிறான்? ஓடிக்கிட்டேதானே குடிக்கிறான். முடிக்கிற இடத்துல தொட்டிய வை" என்றார். அவரே ஐம்பதடி தள்ளிக் கடைசித் தொட்டியை நகர்த்தினார். அதன் பிறகு பாதிக்கு மேல் தொட்டியில் விழுந்தது. படித்தவர்கள் எட்டுப் பேர் இருந்தோம் அங்கே.

எப்படிச் சேருவது என்பது பெரிய வித்தை இல்லை. ஓட்டத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே ஏற்பாட்டாளர்களின் தளத்தில் படிவம் வரும். கல்லூரி மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்டம் வழியாகக் கூட்டமாக வருவார்கள். பிப் கொடுப்பது, பை வாங்கி வைப்பது, வழிகாட்டுவது, மெடல் போடுவது என்று வேலைகள் பல. எல்லோரும் மெடல் போடத்தான் அடித்துக்கொள்கிறார்கள், போட்டோ வரும். என்னைக் கேட்டால் பிந்திய கிலோமீட்டர் தண்ணீர் மேசையைக் கேட்டு வாங்குங்கள். செருப்பு வேண்டாம், எலக்ட்ரோலைட் சிந்தி ரோடே பிசுபிசுவென்று இருக்கும், பழைய ஷூ போதும். ரோட்டை மூடிவிடுவார்கள் என்பதால் வண்டியை எங்கே விடுவது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குப் பாதி வாலண்டியர்கள் கிளம்பிவிட்டார்கள். ரோட்டைத் திறக்கப் போலீஸ்காரர் அவசரப்பட்டார். ஒரு மேசையை மடக்கி வண்டியில் ஏற்றிவிட்டோம். ஒன்பதேகாலுக்கு ஒரு பெரியவர், அறுபதைத் தாண்டியவர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் கடைசி ஆட்களை ஏற்றிக்கொள்ளும் வேன் ஊர்ந்து வந்தது. டிரைவர் ஜன்னல் வழியாக "ஏறிக்கறீங்களா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார் போல. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரை வாங்கி வைத்துவிட்டு, "காபி இருக்குமா?" என்றார்.

எங்கள் பிளாஸ்கில் இருந்தது. காலிக் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்து, அரை டம்ளர் கொடுத்தோம். ஊதி ஊதி, நிதானமாகக் குடித்தார். வேன் நின்றது. போலீஸ்காரர் வாட்சைப் பார்த்தார். "வரேன் தம்பி" என்று டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் முடிவுகள் வந்ததும் அவர் பிப் நம்பரைப் போட்டுத் தேடினேன். 7 மணி 9 நிமிஷம். காபி குடித்த நான்கு நிமிஷமும் அதில் சேர்த்தி.