தோட்டத்தில் மண்ணுக்குள் தொட்டி: 75,000 ரூபாய் மானியம் கிடைக்குமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். தக்காளி நட்டு வாய்க்கால் பாய்ச்சுகிறோம். போர்வெல்லில் ஒன்றேகால் இஞ்ச் தண்ணீர்தான் வருகிறது. கரண்ட் வரும் நேரத்தில் பிடித்து வைக்க, போருக்குப் பக்கத்தில் 20 அடி நீளம், 16 அடி அகலம், 6 அடி ஆழத்தில் மண்ணுக்குள் ஒரு தொட்டி கட்ட நினைக்கிறோம். 75,000 ரூபாய் மானியம் உண்டு என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். அதை நம்பி நகையை அடகு வைக்கலாமா? பட்டா மாமனார் பெயரில் இருக்கிறது.

பதில்: நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும் அம்மா. அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

சொட்டுநீர், தெளிப்புநீர் அமைக்க உதவும் நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தோடு சேர்ந்த 'துணை நீர் மேலாண்மை'ப் பணிகளில் தொட்டியும் ஒன்று. செலவில் பாதி என்பது கணக்கு. அதிலும் கன மீட்டருக்கு 350 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, ஒருவருக்கு மொத்தம் 75,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. அந்த 75,000 உச்சவரம்புதான். எல்லோருக்கும் அப்படியே எடுத்துக் கொடுக்கும் தொகை இல்லை.

உங்கள் தொட்டியையே போட்டுப் பார்ப்போம். 20 × 16 × 6 என்றால் 1,920 கன அடி. அது சுமார் 54 கன மீட்டர், அதாவது 54,000 லிட்டர். 350-ஆல் பெருக்கினால் 19,000 ரூபாய்தான் வருகிறது. முழு 75,000 வேண்டுமென்றால் 214 கன மீட்டர் கட்ட வேண்டும், உங்கள் தொட்டியைப் போல நான்கு. மானியத்துக்காகத் தொட்டியைப் பெரிதாக்கும் யோசனை மட்டும் வேண்டாம். வெயில் காலத்தில் காய்ப்பில் இருக்கும் தக்காளிக்குச் சொட்டுநீரில் ஏக்கருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15,000 லிட்டர் போதும். மூன்று ஏக்கருக்கு நீங்கள் நினைத்த அளவே சரி.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் சொட்டுநீர் என்ற சொல்லே இல்லை. தொட்டி மானியம் சொட்டுநீரோ தெளிப்புநீரோ அமைக்கிறவர்களுக்குத்தான். வாய்க்கால் பாசனத்துக்குத் தனியாகத் தொட்டி மட்டும் கட்டினால் இந்தத் திட்டத்தில் காசு வராது. அதனால் முதலில் சொட்டுநீருக்குப் பதிவு செய்யுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை அதற்கு 100 சதவீத மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 சதவீதம். என்னைக் கேட்டால் உங்களுக்கு உண்மையான லாபமே அங்கேதான் இருக்கிறது. தொட்டி அதற்குத் துணை.

தக்காளி என்பதால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். பட்டா மாமனார் பெயரில் இருப்பதால் விண்ணப்பமும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம், வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயி சான்று எல்லாவற்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'மு. சின்னசாமி', இன்னொன்றில் வெறும் 'சின்னசாமி' என்று இருந்து, அதைத் திருத்தவே இரண்டு மாதம் அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மானியமும் மாமனார் கணக்குக்குத்தான் போகும். வீட்டில் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: இந்த ஆண்டு நம் வட்டாரத்துக்கு இத்தனை தொட்டி என்று ஒதுக்கிய இலக்கில் மீதி இருக்கிறதா? இருந்தால் அனுமதி வந்த பிறகு குழி தோண்டுங்கள். கட்டும் செலவை முதலில் நீங்கள்தான் போட வேண்டும். வேலை முடிந்து, சொட்டுநீரும் ஓடி, அவர்கள் வந்து அளந்த பிறகே பணம் வரும். சிமெண்ட், செங்கல், கம்பி ரசீதுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். குழி வெட்டும்போதும் சுவர் எழும்பும்போதும் போனில் படம் எடுத்து வைத்தால் பின்னால் பேச்சுக்கு இடமிருக்காது. 20, 16, 6 என்பது பூச்சுக்குப் பிறகு உள்ளே தண்ணீர் நிற்கும் அளவாக இருக்கட்டும். வெளிச்சுவரை அளந்து கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

அப்புறம், மண்ணுக்குள்தான் கட்ட வேண்டுமா? நம் பக்கம் நாலு அடியில் பாறை தட்டினால் உடைக்கிற கூலியே மானியத்தை விழுங்கிவிடும். மேடான மூலை இருந்தால் அங்கே தரைமட்டத்தில் கட்டலாம். சுவரைக் கொஞ்சம் பலமாகப் போட வேண்டும், அவ்வளவுதான். எப்படிக் கட்டினாலும் சொட்டுநீருக்கு அழுத்தம் கொடுக்கத் தொட்டியிலிருந்து இறைக்க ஒரு மோட்டார் வேண்டும். அதற்கும் இதே திட்டத்தில் பாதி விலை, 15,000 ரூபாய் வரை கிடைக்கும். ஒரே விண்ணப்பத்தோடு கேட்டுவிடுங்கள். தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு, தொட்டியின் தரையிலிருந்து அரை அடி மேலே நிற்கட்டும். போரில் வரும் மணல் அடியில் தங்கிவிடும், சொட்டுவான் அடைக்காது.

மண்ணுக்குள்தான் என்று முடிவானால், சுற்றுச்சுவரைத் தரைக்கு மேல் மூன்றடி எழுப்பி, மேலே கம்பி வலை போட்டுப் பூட்டுங்கள். தக்காளி பறிக்க வருகிறவர்கள் குழந்தைகளையும் கூட்டி வருவார்கள். தண்ணீர் விடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.