வீடியோ நெளிகிறது, ட்ரோன் தானாக ஏறுகிறது: ப்ரொப்பல்லரை பேலன்ஸ் செய்வது எப்படி?

கேள்வி: எஃப்450 ஃபிரேமில் நானே ஒரு ட்ரோன் கட்டியிருக்கிறேன். 2212 மோட்டார், 1045 (10 அங்குல) பிளாஸ்டிக் ப்ரொப்பல்லர், ட்ரோனை ஓட்டும் மென்பொருள் ஆர்டுபைலட். வீடியோ எடுத்தால் படம் அலையலையாக நெளிகிறது. தானாக ஒரே இடத்தில் நிற்கும் லாய்டர் மோடில் நிற்க வைத்தால் சில சமயம் ரிமோட் குச்சியைத் தொடாமலே மேலே ஏறுகிறது. கேமராவுக்கு அதிர்வைக் குறைக்கும் ரப்பர் டேம்பர் வாங்கலாமா, இல்லை ப்ரொப்பல்லரை பேலன்ஸ் செய்ய வேண்டுமா? டேப் ஒட்டுவதா, உப்புத்தாளால் தேய்ப்பதா? எல்லாமே புது ப்ரொப்பல்லர்கள்தான். (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: டேம்பர் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். வீடியோ நெளிவதைப் பிறகு பார்க்கலாம், தானாக ஏறுகிறது என்கிறீர்களே, அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். அதிர்வு அதிகமானால் ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலரில் இருக்கும் ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்கும் சென்சார்) தன் அளவைத் தாண்டித் தப்பான எண்ணைக் கொடுக்கும், ட்ரோன் தான் கீழே இறங்குவதாக நினைத்துக்கொண்டு மோட்டாரை முறுக்கும். கேமராவுக்கு மட்டும் டேம்பர் போட்டால் படம் கொஞ்சம் நன்றாகிவிடும், உள்ளே இருக்கிற ஆபத்து அப்படியே இருக்கும். அதனால் இதைச் சரிசெய்யும் வரை ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பறக்க விடாதீர்கள்.

புது ப்ரொப்பல்லருக்கும் பேலன்ஸ் வேண்டுமா என்றால், விலை குறைந்த பிளாஸ்டிக் 1045-க்குக் கட்டாயம் வேண்டும். கணக்கைப் பாருங்கள். ஒரு இறக்கையில், நடுவில் இருந்து 10 செ.மீ. தள்ளி, வெறும் 0.05 கிராம் கூடுதலாக இருக்கிறது, நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துளி எடை மோட்டார் தண்டை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை சுமார் 2 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 200 கிராம் எடையைத் தொங்கவிட்ட மாதிரி, அதுவும் விநாடிக்கு 100 முறை திசை மாறி மாறி. கேமராவின் சென்சார் படத்தை வரிவரியாக மேலிருந்து கீழே படிக்கிறது, ஒரு படம் படித்து முடிப்பதற்குள் கேமரா ஆடிவிடுவதால்தான் நேர்கோடு நெளிகோடாகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். டி.எச். ரோட்டில் டயர் கடைக்காரர் கார் சக்கரத்தைச் சுற்றவிட்டு ஓரத்தில் ஒரு சின்ன ஈயத்துண்டு வைக்கிறாரே, நாம் செய்யப்போவதும் அதே வேலைதான்.

இதற்கு மேக்னெட்டிக் பேலன்சர் ஒன்று போதும். இரண்டு காந்தங்களுக்கு நடுவில் ப்ரொப்பல்லரை மாட்டும் ஒரு மெல்லிய கம்பி, ஒரு முனை மட்டும் காந்தத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும், உராய்வு கிட்டத்தட்ட இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலையும் சாத்திவிட்டு உட்காருங்கள். உங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வரும், அது கொஞ்சம் பட்டாலும் இறக்கை ஆடி உங்களை ஏமாற்றும்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 1045 ப்ரொப்பல்லரின் நடு ஓட்டை பெரிதாக இருக்கும், மோட்டார் தண்டுக்குப் பொருந்துவதற்காகக் கூடவே பிளாஸ்டிக் வளையங்கள் தருவார்கள். அந்த வளையம் லூசாக இருந்தால் நீங்கள் எவ்வளவு நுணுக்கமாக பேலன்ஸ் செய்தாலும் வீண். ப்ரொப்பல்லர் 10 கிராம் என்று வையுங்கள், அது மையத்தில் இருந்து அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தாலே மேலே சொன்ன அதே 0.05 கிராம் கோளாறு வந்துவிடும். அதனால் சரியான வளையத்தை இறுக்கமாகப் போட்டு, அந்த வளையத்தோடேயே பேலன்சரில் மாட்டுங்கள். அப்புறம் அதைக் கழற்றி வேறு வளையம் போடக் கூடாது. எந்த ப்ரொப்பல்லர் எந்த மோட்டாருக்கு என்று மார்க்கரில் குறித்தும் வையுங்கள்.

இறக்கை படுக்கைவசமாக இருக்கும்படி விடுங்கள். ஒரு பக்கம் கீழே இறங்கினால் அதுதான் கனம். எதிர்ப்பக்க இறக்கையில், நுனிக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, சின்ன செல்லோடேப் துண்டு ஒட்டி, நறுக்கி நறுக்கிச் சரிபார்த்து, எப்படி விட்டாலும் படுக்கையாக நிற்கும் வரை செய்யுங்கள். ஒட்டும் முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் கை வியர்வைக்கும் டேப் நடுவானத்தில் உரிந்துவிடும். தேய்ப்பதானால் கனமான இறக்கையின் அகலமான பரப்பில் மட்டும், நைசான உப்புத்தாளால். காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பைத் தொடவே கூடாது, நுனியை வெட்டவும் கூடாது. என்னைக் கேட்டால் பழகும் வரை டேப்தான் நல்லது, தப்பானால் பிய்த்துவிடலாம். கார்பன் ஃபைபர் ப்ரொப்பல்லர் வைத்திருப்பவர்கள் தேய்க்கும்போது ஈரமாக்கிக்கொண்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு தேயுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள், ஹப், அதாவது ப்ரொப்பல்லரின் நடுப்பகுதி, பாக்கி இருக்கிறது. இப்போது ஓர் இறக்கை நேர்மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். வலப்பக்கமாகச் சாய்கிறதா? அப்படியே தலைகீழாக்கி மற்ற இறக்கையை மேலே வையுங்கள், இப்போது இடப்பக்கமாகச் சாய்ந்தால் கோளாறு நடுப்பகுதியில்தான். சாய்கிற பக்கம் கனம். அதற்கு எதிர்ப்பக்கம் ஹப்பின் மேல் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டுக் காயவைத்து மறுபடி பாருங்கள். மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே இறக்கை நுனியைவிடப் பல மடங்கு எடை தேவைப்படும், ஒரு சொட்டு போதவில்லையே என்று பதற வேண்டாம். எந்தக் கோணத்தில் விட்டாலும் விட்ட இடத்திலேயே நின்றால் அந்த ப்ரொப்பல்லர் தயார்.

அடுத்து மோட்டார். ப்ரொப்பல்லர்களைக் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை, இதில் அவசரமே வேண்டாம். கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று இருந்தால் பேரிங் போயிருக்கிறது. காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் அடிக்கடி பறக்க விடுபவர்களுக்கு உப்புக்காற்றால் பேரிங் துருப்பிடிப்பது சகஜம், மணலில் இறக்கினால் மணலும் உள்ளே போகும். ஒரு அட்டையாவது விரித்து அதன் மேல் இறக்குங்கள். தண்டு வளைந்திருந்தால் சுற்றும்போது அதன் நுனி வட்டம் போடும், அப்படி இருந்தால் மோட்டாரை மாற்றுவதுதான் வழி. பிறகு கணினியில் மிஷன் பிளானர் என்ற ஆர்டுபைலட் மென்பொருளில் மோட்டார் டெஸ்ட் போட்டு ஒவ்வொன்றாக ஓட்டி ஃபிரேமின் கையைத் தொட்டுப் பாருங்கள், எது அதிகம் அதிர்கிறது என்று விரலுக்கே தெரியும்.

எல்லாம் மாட்டியபின், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்து அனுமதி உள்ள ஒரு திறந்த இடத்துக்குப் போங்கள். துறைமுகமும் மணலி சுத்திகரிப்பு ஆலையும் பக்கத்திலேயே இருக்கிற பகுதி உங்களுடையது, மொட்டைமாடிதானே என்று கிளப்பிவிட வேண்டாம். தாழ்வாக, உயரத்தை நீங்களே கையால் பிடிக்கும் ஸ்டெபிலைஸ் மோடில், ஓரிரு நிமிடம் அந்தரத்தில் நிறுத்திவிட்டு இறக்கி லாகை (ட்ரோன் பறந்தபோது பதிவான கோப்பை) திறங்கள். அதில் அதிர்வைக் காட்டும் வைப் (VIBE) என்ற பகுதியில் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் 30 மீட்டர்/விநாடி²-க்குக் கீழே இருக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் உயரத்தையும் இடத்தையும் ட்ரோன் சரியாகப் பிடிக்காது. ஆக்சிலரோமீட்டர் எத்தனை முறை தன் அளவைத் தாண்டியது என்று காட்டும் கிளிப் எண்ணிக்கையும் பறக்கப் பறக்க ஏறிக்கொண்டே போகக் கூடாது. இது சரியானபின் லாய்டர் போட்டுப் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் 30-க்கு மேலேயே நின்றால் ஃப்ளைட் கன்ட்ரோலருக்கு அடியில் இருக்கும் ஃபோம் டேப்பையும் ஃபிரேம் ஸ்குரூக்களையும் பாருங்கள், ஏதாவது ஒயர் இறுக்கமாகக் கன்ட்ரோலரைப் பிடித்து இழுக்கிறதா என்றும் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் லாக் கோப்பை அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.