நீட் மார்க் வரவில்லை என்பதற்காக பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி எடுக்கலாமா?

"நீட்டில் அரசு இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி அல்லது பயோமெடிக்கல் சயின்ஸ் சேரலாமா? எதிர்காலம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டு நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. பயாலஜி குரூப், பள்ளியில் நல்ல பெயர், முடிவு வந்த நாளிலிருந்து வீட்டில் சரியாகப் பேச்சில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங் போகட்டும் என்று ஒருவர், சும்மா இருக்க வேண்டாம், ஏதாவது டிகிரியில் சேரட்டும் என்று இன்னொருவர். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான். எங்கள் காலத்தில் நீட் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு கட்-ஆஃப். அதில் கொஞ்சத்தில் நழுவியவர்கள் வந்து உட்காரும் வகுப்பாகத்தான் பயோகெமிஸ்ட்ரியை எல்லோரும் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் யாராவது "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்பார்கள். சொன்னதும், "ஓ, மெடிசின் கிடைக்கலையா?" என்பார்கள். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். வேதியியல் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேருங்கள். பயாலஜி மட்டும் பிடிக்கும், கெமிஸ்ட்ரியை மனப்பாடம் செய்துதான் தாண்டினேன் என்றால் வேண்டாம். விலங்கியலோ தாவரவியலோ எடுங்கள், நர்சிங் எடுங்கள், பிசியோதெரபி எடுங்கள். முதல் வருஷமே பஃபர், ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு, அமினோ அமிலங்களின் அமைப்பு என்று ஆரம்பித்துவிடும். அடுத்து என்சைம் கைனெடிக்ஸ், அதாவது நொதிகள் வேலை செய்யும் வேகத்தைக் கணக்கிடுவது. மைக்கேலிசும் மென்டனும் 1913-ல் எழுதிய சமன்பாட்டை வைத்து வரைபடம் போடச் சொல்வார்கள். செல் குளுக்கோசை உடைக்கும் கிளைகாலிசிஸின் பத்துப் படிகளையும் அமைப்பு வாய்பாட்டோடு எழுத வேண்டும். மனித உடலைப் பற்றிப் படிக்கப்போகிறோம் என்ற நினைப்போடு வந்த என் தோழி ஒருத்தி முதல் செமஸ்டரிலேயே அழுதாள். இத்தனைக்கும் நன்றாகப் படிக்கிற பெண். அவளுக்கு அந்தப் பாடத்தில் மனம் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒட்டியது. ஆய்வகத்தில்தான் ஒட்டியது என்று சொல்ல வேண்டும். மோலிஷ், பெனடிக்ட், பார்ஃபோயட், செலிவனாஃப் என்று வரிசையாகச் சோதித்து, கையில் கொடுத்த வெள்ளைப் பொடி எந்தச் சர்க்கரை என்று கண்டுபிடிப்போம். சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் ஓசசோன் படிகங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மால்டோசுக்குச் சூரியகாந்திப் பூ வடிவம் வரும். சொந்த எச்சிலை எடுத்து, அதிலுள்ள அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை எவ்வளவு நேரத்தில் உடைக்கிறது என்று அயோடின் சொட்டு விட்டுப் பார்ப்போம். துணைப்பாடமான அல்லைடு கெமிஸ்ட்ரியில் தண்ணீரின் கடினத்தன்மையை, இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷன் செய்து கண்டுபிடிப்போம். ஒயின் சிவப்பு நீலமாக மாறும்போது நிறுத்த வேண்டும். தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இ.டி.டி.ஏ. பிடித்துக்கொள்வதுதான் அதன் அடிப்படை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு மருத்துவமனையின் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். ஒரு மாலை, வார்டிலிருந்து வந்த மாதிரியில் பொட்டாசியம் 8-ஐத் தாண்டிக் காட்டியது. சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. 8 என்றால் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். உடனே டியூட்டி டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், அதுதான் விதி. அவரும் இன்சுலினும் டெக்ஸ்ட்ரோசும் ஏற்றச் சொல்வார். அது பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். மற்ற எண்களையும் பார்த்தேன். கால்சியம் 5-க்கும் கீழே, மிகக் குறைவு. அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் என்ற நொதி கிட்டத்தட்ட இல்லை. பொட்டாசியம் மட்டும் ஏறியிருந்தால் சிறுநீரகமா, மாத்திரையா, ரத்த அணு உடைந்ததா என்று யோசிக்கலாம். மூன்றும் ஒரே நேரத்தில் இப்படி இருந்தால் எனக்கு ஒரே விடைதான் தோன்றியது: இ.டி.டி.ஏ. ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் உறையாமலிருக்க இருப்பது பொட்டாசியம் உப்பாகச் சேர்த்த இ.டி.டி.ஏ.தான். அதிலிருந்து கொஞ்சம் ரத்தம் பயோகெமிஸ்ட்ரி குழாய்க்குள் வந்துவிட்டால் பொட்டாசியம் எகிறும். கால்சியத்தை இ.டி.டி.ஏ. பிடித்துக்கொள்ளும். அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் வேலை செய்யத் துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும், அதையும் அது விடாது.

டாக்டருக்கும் வார்டுக்கும் பேசினேன். நோயாளி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக சிஸ்டர் சொன்னார். ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், புதிதாக ரத்தம் எடுத்து அனுப்புங்கள், அதுவரை ஒன்றும் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஈ.சி.ஜி. சாதாரணமாக இருந்தது. இரண்டாவது மாதிரியில் பொட்டாசியம் நான்கு சொச்சம், கால்சியம் ஒன்பது சொச்சம். ஒரு குழாயில் ரத்தம் போதாமல் இன்னொன்றிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள், அவசரத்தில் எந்த வார்டிலும் நடக்கக்கூடியது. பொட்டாசியம் சரியாக இருக்கிற ஒருவருக்கு இன்சுலின் ஏறியிருந்தால் அது ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கக்கூடும்.

மறுநாள் அந்த டாக்டர் லேபுக்கே வந்து, "மேடம், எம்.பி.பி.எஸ். எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி, எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி என்று சொன்னேன். அவ்வளவு நிமிர்ந்து நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று எனக்குக் கைகொடுத்தது முதல் வருஷத்து டைட்ரேஷன்.

இங்கே சிலர் உடனே வருவார்கள், "இதெல்லாம் எம்.எல்.டி. (மருத்துவ லேப் தொழில்நுட்பம்) படித்தவர்களுக்கும் தெரியும்" என்று. தெரியும், மறுக்கவில்லை. அதில் டிப்ளமோவான டி.எம்.எல்.டி. முடித்த ஓர் அக்காதான் எனக்கு ரத்தம் எடுக்கவே கற்றுக்கொடுத்தார், அவர் கைநேர்த்தி எனக்கு இன்றுவரை வரவில்லை. டாக்டர்களைக் குறைத்துச் சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது ஒன்றே ஒன்று: எண் ஏன் அப்படி வந்தது என்று கேட்கப் பழக்கும் படிப்பு இது, அதை மிச்சம் மீதி என்று யாரும் பேசக்கூடாது.

எல்லப்பிரகட சுப்பாராவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். அமெரிக்கா போய், ஃபிஸ்கே என்ற உயிர்வேதியியலாளரோடு சேர்ந்து 1925-ல் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று அதை இன்றைக்கும் நம் கல்லூரி லேபில் செய்கிறார்கள். பின்னால் லெடர்லி மருந்து நிறுவனத்தில் அவர் குழுதான் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. நம் ஊரில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அவர் குழுவிலிருந்து வந்ததுதான். மூன்றாம் வருஷம் புரதங்களுக்கு நீங்கள் வரையப்போகும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. உறவினர்கள் கேட்டால் இந்த இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள்.

சரி, வேலை. இதில் மழுப்ப மாட்டேன். பி.எஸ்சி. மட்டும் முடித்தால் வழி குறுகலானது. மருந்து கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டில் கெமிஸ்ட்ரி, பார்மசி படித்தவர்களோடு போட்டி. மருத்துவமனை லேபில் எம்.எல்.டி. படித்தவர்களோடு போட்டி. நிறையப் பேர் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகிறார்கள், அது கௌரவமான வேலைதான், ஆனால் அதற்கு மூன்று வருஷம் பெனடிக்ட் டெஸ்ட் செய்திருக்க வேண்டியதில்லை. ஆகவே இதை மூன்று வருஷப் படிப்பாக எண்ணாமல் குறைந்தது ஐந்து வருஷமாகக் கணக்குப் போடுங்கள். வீட்டு நிலைமை அதற்கு இடம் கொடுக்காது என்றால் பி.எஸ்சி. எம்.எல்.டி.யே மேல். தயங்காமல் அதை எடுங்கள்.

மேலே படிக்க வழிகள் உண்டு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு, அதில் பயோடெக்னாலஜி தாள் எழுதலாம். மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை உதவியோடு நடக்கும் முதுகலைப் படிப்புகளுக்கு கேட்-பி (GAT-B) தேர்வு. மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரி என்று மருத்துவக் கல்லூரிகளில் மூன்று வருஷ எம்.எஸ்சி. இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அடிப்படை மருத்துவ அறிவியலுக்கென்றே தனி முதுகலை நிறுவனம் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் போக சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை. படிக்கும்போதே கோடையில் இரண்டு மாதம் நல்ல ஆய்வகத்தில் வேலை பார்க்க இந்திய அறிவியல் அகாடமிகளின் ஃபெலோஷிப் உண்டு. எங்கள் கல்லூரியில் யாரும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் இரண்டாம் வருஷமே விண்ணப்பியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். முன்பு பயோகெமிஸ்ட்ரி துறையில் பாதி இடங்கள் வரை எம்.பி.பி.எஸ். இல்லாதவர்களுக்குக் கிடைத்தன. 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதை 15 சதவீதமாகக் குறைத்தது. அதன் பிறகும் விதிகள் மாறின. முதுகலையில் சேரும்போது அன்றைய விதியைப் படித்துப் பாருங்கள்.

பயோமெடிக்கல் சயின்ஸ் பற்றிக் கேட்டீர்கள். பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது கருவிகள் பற்றியது. பயோமெடிக்கல் சயின்ஸில் உடலியல், நோயியல், மருந்தியல், மரபியல் கூடுதலாக வரும், வேதியியல் கொஞ்சம் குறையும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் ஆனர்ஸ் படிப்பாக இருக்கிறது. பிரிட்டனில் இந்தப் படிப்பு நேரே ஒரு வேலைக்கு இட்டுச் செல்கிறது: ஐ.பி.எம்.எஸ். என்ற தொழில் அமைப்பு அங்கீகரித்த பட்டமும், அங்கீகரிக்கப்பட்ட லேபில் பயிற்சியும் முடித்து, எச்.சி.பி.சி. என்ற பதிவு வாரியத்தில் பதிவு செய்தால் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட். நம் நாட்டில் பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவே அப்படி ஒரு நேர்ப்பாதை இல்லை. "வெளிநாட்டில் இதைப் படித்தால் அப்படியே டாக்டர் ஆகலாம்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும், இத்தனை வருஷமாக மனதில் கிடக்கிறது. 'முழு உடல் பரிசோதனை' என்று குறைந்த விலையில் எண்பது, தொண்ணூறு டெஸ்ட் விற்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. வீட்டில் எடுத்த ரத்தம் மே மாத வெயிலில் பையில் ஊர் சுற்றுகிறது. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்கள் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடிக் குழாயில் ஃப்ளோரைடு இருக்கிறதே, அது இதைத் தடுக்காதா என்பார்கள். ஃப்ளோரைடு தடுப்பது ஈனோலேஸ் என்ற நொதியை, அது கிளைகாலிசிஸில் ஒன்பதாவது படி. அதற்கு முந்தைய படிகள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். சர்க்கரை நோய் தொடங்குகிற ஒருவருக்கு 'நார்மல்' என்று ரிப்போர்ட் போய்ச் சேர்கிறது. இன்னொரு பக்கம், எந்தத் தொந்தரவும் இல்லாத இளம்பெண்ணுக்கு, சினைப்பைப் புற்றுநோயில் பார்க்கும் சி.ஏ.-125 டெஸ்ட் செய்கிறார்கள். அது மாதவிலக்கு நேரத்தில்கூடக் கூடும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று ஒரு குடும்பமே அழுதுகொண்டு எங்கள் லேபுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இந்த டெஸ்டுகளைச் செய்யாதீர்கள், உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள்.

மறுபடி உங்கள் விஷயம். கட்டணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு ஒருமுறை போய் பயோகெமிஸ்ட்ரி லேபைக் காட்டச் சொல்லுங்கள். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கிறதா, அதை மாணவர்கள் தொடுகிறார்களா, இல்லை உறை போட்டு மூடியே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் வருஷ மாணவர்களிடம் ப்ராஜெக்ட் எங்கே செய்தார்கள் என்று கேளுங்கள். பணம் கட்டி ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கினோம் என்று சொன்னால் வேறு கல்லூரி தேடுங்கள். இன்னொரு வருஷம் நீட் எழுதுவதா என்பதில் என் கருத்து: எழுதுவதாக இருந்தால் அந்த ஒரு வருஷம் அதை மட்டும் செய்யுங்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டு ஒளித்து ஒளித்து நீட் புத்தகம் படித்தவர்கள் என் வகுப்புக்கு அடுத்தடுத்து வந்த செட்டுகளில் இருந்தார்கள், நானும் அவர்களில் சிலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதல் வருஷப் பேப்பர்களில் அரியர் வைத்து, ஜாமுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் அதைத் துடைக்க ஓடினார்கள்.