ஏத்தத்தில் இழுக்காத எஞ்சின்: எரிபொருள் அழுத்தம் பற்றிய கேள்வி பதில்

மலை ஏறும்போது எஞ்சின் இழுவை குறைவதைப் பற்றித்தான் இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வேன், லொறி, ஓட்டோ, ஜெனரேட்டர் எல்லாம் வந்திருக்கிறது, ஒருவர் விமானத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் சிறு விமான எஞ்சின் பட்டறையில் சில வருடம் வேலை செய்துவிட்டு, இப்போது ஹட்டன் பக்கம் கராஜ் நடத்துகிறேன். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, அழுத்தம் குறைந்தால் முதலில் கழற்றப்படுவது பம்ப். கடைசியாகக் கழற்ற வேண்டியதும் அதுதான்.

கேள்வி (தலவாக்கலை, வேன் ஓட்டுநர்): அண்ணே, என்னுடையது கேடிஎச் டீசல் வேன். கொழும்பிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அவிசாவளை வரை ஒரு குறையும் இல்லாமல் வரும். கினிகத்தேனை ஏத்தத்தில் நன்றாக மிதித்தால் எஞ்சின் லைட் எரிந்து, இழுவை அப்படியே செத்துப்போகிறது. ஓரம் கட்டி ஓஃப் பண்ணிப் போட்டால் கொஞ்ச தூரம் ஓடும். ஸ்கேனில் பி 0087 என்று வந்தது. ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது என்கிறார்கள். மாற்றவா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்கு ரெயில் என்ற பொதுக் குழாயிலிருந்துதான் டீசல் போகிறது. அந்த ரெயிலில் கம்ப்யூட்டர் கேட்ட அளவு அழுத்தம் இல்லை என்பதுதான் பி 0087. ஏன் இல்லை என்று அந்தக் கோட் சொல்லாது. பம்ப் என்பது வாசித்தவரின் ஊகம்.

ஐட்லிங்கில் ரெயிலுக்கு 300 பார் அளவு போதும். ஏத்தத்தில் மிதிக்கும்போது ஆயிரத்துக்கு மேல் கேட்கும், கூடவே டீசலும் பல மடங்கு வேண்டும். பாதி அடைத்த ஃபில்டர் சமதரையில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அவிசாவளை வரை ஒன்றும் தெரியாமல் வந்ததற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். உங்கள் வேனில் டேங்குக்குள் தள்ளும் பம்ப் கிடையாது. எஞ்சினில் இருக்கும் பம்ப்தான் ஃபில்டர் வழியாக டேங்கிலிருந்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சுவது என்று நாம் சொன்னாலும், பம்ப் தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. டீசலைத் தள்ளிவிடுவது வெளிக்காற்று. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அது ஏறத்தாழ 81, அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கினிகத்தேனையில் சுமைதான் பெரிய காரணம், ஆனால் மேலே போகப் போக உயரமும் சேர்ந்துகொள்ளும். கொழும்பில் "ஃபில்டர் இன்னும் ஓடும்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. கொழும்பில் அது ஓடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் (உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ்) போட்டு, T வடிவ இணைப்பு ஒன்று வைத்து, வெக்கியூம் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். டீசலுக்குத் தாங்கும் ஹோஸாக இருக்கட்டும், இரண்டு பக்கமும் கிளிப் இறுக்கமாக இருக்கட்டும். ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தை வைத்துக்கொண்டு அதே ஏத்தத்தில் ஓட்டுங்கள். ரெயில் அழுத்தம் விழும் நேரத்தில் வெக்கியூம் கூடினால் அடைப்பு கேஜுக்கு முன்னால்: ஃபில்டர், நசுங்கிய பைப், அல்லது டேங்குக்குள் இருக்கும் வலை. ஹோஸில் குமிழி ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. வெக்கியூம் அசையாமல், குமிழியும் இல்லாமல் ரெயில் அழுத்தம் மட்டும் விழுந்தால்தான் கோளாறு பம்பிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. அப்போதும் முதலில் பம்பின் மேல் இருக்கும், உள்ளே போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வைப் பாருங்கள். அடுத்து இன்ஜெக்டர் ரிட்டர்ன், அதாவது இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசல். நான்கு இன்ஜெக்டருக்கும் நான்கு சின்னப் போத்தல் கட்டி ஓடவிட்டால், தேய்ந்துபோன இன்ஜெக்டரின் போத்தல் மற்றவற்றை முந்திக்கொண்டு நிறையும். பம்பின் முறை அதற்கப்புறம்தான்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது ரெயில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கத்தை இந்த எஞ்சினில் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்திய அளவுதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலே போகலாம். அப்படி நடந்தால் வலிக்கிறதோ இல்லையோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி (நோர்வூட், தோட்ட லொறி ஓட்டுகிறவர்): பழைய லொறி, கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை. இரவு மூக்கு மேலே பார்க்கச் சரிவில் நிறுத்தினால் காலையில் கைப்பம்பை அடிக்காமல் ஸ்டார்ட் வராது. கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போகும்போதும் நடுவில் இழுவை விடுகிறது. எங்கேயும் டீசல் ஒழுகவில்லை.

பதில்: ஒழுகாததால்தான் இது கண்ணில் படவில்லை அண்ணே. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள லைனில் பொத்தல் இருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இரவில் அதே பொத்தல் வழியாகக் காற்று புகுந்து, லைனில் உள்ள டீசல் முழுக்கத் தாழ்வான டேங்குக்கே திரும்பிவிடும்.

முதலில் பாதி லைனை விலக்கிவிடுங்கள். சுத்தமான கேனில் டீசல் எடுத்து, பம்புக்கு மேலே உயரமாகக் கட்டி, புது ஹோஸில் நேரே பம்புக்குக் கொடுத்து எஞ்சினை ஓடவிடுங்கள். நன்றாக ஓடினால் பம்பில் குற்றமில்லை, கோளாறு அதற்கு முன்னால். அப்புறம் பழைய லைனை மாட்டி ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸ் அப்பிக்கொண்டே வாருங்கள். எந்த மூட்டில் அப்பும்போது கண்ணாடி ஹோஸில் குமிழி நிற்கிறதோ, அதுதான் இடம். நான் பார்த்த லொறிகளில் பெரும்பாலும் அது பேஞ்சோ போல்ட்டின் (நடுவில் டீசல் போகும் துளையுள்ள போல்ட்) செப்பு வாஷராக இருந்தது. கழற்றிய பழைய வாஷரையே திருப்பிப் போட்டிருப்பார்கள். ஒரு முறை நசுங்கிய செம்பு இறுகிப்போயிருக்கும், மறுபடி சரியாக உட்காராது. புதிது வாங்கிப் போடுங்கள், வாஷரின் விலை ஒரு பெரிய விலையே இல்லை.

கேள்வி (பண்டாரவளை, ஓட்டோ): பெரகலைப் பக்கமிருந்து ஏறும்போது நின்றுவிடுகிறது. பெற்றோல் மூடியைத் திறந்தால் ஸ்ஸ் என்று சத்தம் வரும், மூடிவிட்டுப் போட்டால் ஓடும்.

பதில்: மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது தம்பி. கழுவி ஊதிவிடுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். துளை திறக்கும்வரை மூடிக்குப் பதிலாகப் பொலிதீன் கட்டி ஓட்ட வேண்டாம், வளைவில் பெற்றோல் சிந்தி சூடான சைலன்சரில் விழும்.

கேள்வி (பதுளை): பெற்றோல் கார், ஈஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெற்றோலைப் பீச்சும் வகை). காலையில் கேஜில் 3 பார் காட்டுகிறது, ஒரு மணி நேரம் ஓடினால் 2 பாருக்கு இறங்குகிறது. பம்ப் மாற்றினோம், அப்படியே இருக்கிறது ஐயா.

பதில்: பம்புக்கு வரும் கரண்டை அளந்தீர்களா? பெட்டரியில் 14 வோல்ட் இருக்கும், பம்பின் கனெக்டரில் 11தான் இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கனெக்டர் மாட்டியபடியே, பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி அளக்க வேண்டும். கழற்றி வைத்து அளந்தால் எப்போதும் முழு வோல்டேஜ்தான் காட்டும், ஏமாந்துவிடுவீர்கள். எர்த் பக்கத்தையும் அளங்கள். பின்சீற்றுக்கு அடியில் உள்ள அந்தக் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தால் விஷயம் முடிந்தது. சூடாகச் சூடாக அந்தப் பின்னில் தடை கூடும், பம்பின் வேகம் குறையும், அழுத்தம் இறங்கும். புது பம்பும் அதே கருகிய கனெக்டரில்தானே மாட்டப்பட்டது.

டேங்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெற்றோல் வைத்து மலை ஏறும் பழக்கத்தையும் விடுங்கள். பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியுள்ள பெற்றோல்தான்.

கேள்வி (ஹட்டன், கடை நடத்துகிறவர்): 2022 தட்டுப்பாட்டு நேரம் வாங்கி வைத்த டீசல் கொஞ்சம் ஜெனரேட்டர் டேங்கிலேயே கிடக்கிறது. போட்டால் இரண்டு நிமிடம் ஓடிவிட்டுத் திணறுகிறது.

பதில்: அந்த டீசலை விட்டுவிடுங்கள் அக்கா. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வருவதற்கு முந்திய அந்த மாதங்களில் கிடைத்த கேனில் எல்லாம் அடைத்து வைத்தோம். நம் ஊர்க் குளிரிலும் மிஸ்டிலும் பாதி காலியான டேங்கின் உள்சுவரில் நீர் கோத்து அடியில் தங்கும். நீரும் டீசலும் சேருமிடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளிபோல் படியும். இரண்டு நிமிடத்தில் ஃபில்டரை மூடுவது அதுதான். டேங்கைக் கழற்றிக் கழுவி, லைனை ஊதி, ஃபில்டர் புதிதாகப் போடுங்கள். ஃபில்டரை மட்டும் மாற்றினால் அடுத்த கரண்ட் கட்டிலும் இதே கதைதான்.

கேள்வி (மஸ்கெலியா): அண்ணா, என் மச்சான் கனடாவில் இரண்டு பேர் போகும் சிறு விமானம் ஒன்றைத் தானே கட்டியிருக்கிறார். ரோட்டக்ஸ் 912 யூஎல்எஸ், கார்பரேட்டர் எஞ்சின். தரையில் 0.3 பார் காட்டுவது, மேலே ஏறும்போது மெல்ல மெல்ல இறங்கி 0.15க்குக் கிட்ட வருகிறதாம். எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடுகிறதாம். அப்படியே விடலாமா என்று கேட்கச் சொன்னார்.

பதில்: விடக் கூடாது. காரணம் தெரியும்வரை விமானம் தரையிலேயே நிற்கட்டும் என்று இன்றைக்கே சொல்லுங்கள். அந்த எஞ்சினுக்குக் கீழ் எல்லையே 0.15 பார்தான். வேன் என்றால் ஓரம் கட்டலாம், மேலே ஓரம் கிடையாது.

முதலில் கேஜ் உண்மை சொல்கிறதா என்று பார்க்கட்டும். அழுத்தத்தை உணர்ந்து கேஜுக்கு அனுப்பும் சென்டரின் (sender) எர்த் வயர் தளர்ந்தாலும் முள் இப்படி இறங்கும். நம்பகமான இன்னொரு கேஜை அதே இடத்தில் மாட்டி ஒப்பிட வேண்டும்.

கேஜ் சரி என்றால், புதிதாகக் கட்டிய விமானத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது டேங்கை. கட்டும்போது விழுந்த ஃபைபர் தூள், சீலன்ட் துணுக்கு, அலுமினியச் சீவல் எல்லாம் பறக்கத் தொடங்கிய பிறகுதான் அசைந்து வலைக்கு வரும். மூட்டுகளில் வெள்ளை டெஃப்ளோன் டேப் சுற்றியிருந்தால் அதன் நூல் பிய்ந்து போய் அடைக்கும். எரிபொருள் லைனில் அந்த டேப்பே கூடாது. டேங்கின் வலை, ஃபில்டர், தண்ணீர் பிடிக்கும் கிண்ணம் மூன்றையும் கழற்றி வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துணியில் விழுவதைப் பார்த்தாலே எந்த வேலையில் மிஞ்சிய தூசு என்று கட்டியவருக்குத் தெரிந்துவிடும். ரப்பர் ஹோஸ்களின் வயதையும் பார்க்கட்டும், ஐந்து வருடத்துக்கொரு முறை மாற்றச் சொல்கிறது ரோட்டக்ஸ். வெளியே புதிதாகத் தெரியும் ஹோஸ் உள்ளே உரிந்து, உறிஞ்சும்போது மட்டும் மூடிக்கொள்ளும்.

அடுத்தது ஆவி. கனடாவில் குளிர்காலப் பெற்றோல் சுலபமாக ஆவியாகும்படி தயாரிக்கப்படுகிறது. அதில் மிஞ்சியதை வெயில் நாளில் ஊற்றி, சூடான எஞ்சினோடு மேலே ஏறினால், காற்றழுத்தமும் குறைய, லைனுக்குள்ளேயே கொதிக்கும். பம்புக்கு முன்னால் உள்ள ஹோஸ் எக்ஸோஸ்டுக்குப் பக்கத்தில் போகிறதா, ஆவியை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேங்கின் காற்றுக் குழாயும் முக்கியம். பண்டாரவளைத் தம்பியின் ஓட்டோவில் நடந்ததே விமானத்திலும் நடக்கும்.

கடைசியாக, பறக்காமலே செய்யும் சோதனை. விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி நிறுத்தி, டேங்கில் குறைந்த அளவு பெற்றோல் வைத்து, கார்பரேட்டர் பக்க ஹோஸைக் கழற்றி, எலக்ட்ரிக் பம்பை ஓடவிட்டு எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். இந்த எஞ்சின் டேக் ஓஃபில் மணிக்குச் சுமார் 27 லீற்றர் குடிக்கும். பம்ப் வைத்த அமைப்பு அதைவிடக் கால் மடங்கு கூடுதலாக, அதாவது 34 லீற்றராவது தர வேண்டும். ஆறு நிமிடத்தில் 3.4 லீற்றர். வெட்டவெளியில், தீயணைப்பான் பக்கத்தில், விமானத்தையும் பாத்திரத்தையும் எர்த் வயரால் இணைத்துவிட்டுச் செய்யட்டும். அளவு குறைந்தால் டேங்க் பக்கமாகப் பின்னோக்கித் தேடிப் போகலாம். அளவு சரியாக வந்தால், எஞ்சினோடு சுழலும் மெக்கானிக்கல் பம்பையும் சூட்டையும் பார்க்க வேண்டும்.

கேள்வி (கம்பளை, வேலை பழகுகிற பையன்): எங்கள் பாஸ் கேஜ் வைத்துப் பார்ப்பதில்லை. நான் சொந்தமாக வாங்கினால் எது வாங்க வேண்டும்?

பதில்: பெற்றோல் ஈஎஃப்ஐக்கு 0 முதல் 7 பார் வரை காட்டும் கேஜ், ஒரு வெக்கியூம் கேஜ், நல்ல மல்டிமீட்டர், இரண்டு அளவில் கண்ணாடி ஹோஸ். அத்தோடு ஒரு கொப்பி. நல்ல நிலையில் உள்ள வாகனம் கைக்கு வரும்போதும் மாட்டிப் பார்த்து, ஐட்லிங்கில் எவ்வளவு, மிதித்தால் எவ்வளவு, ஓஃப் பண்ணி பத்து நிமிடத்தில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதி வை தம்பி. கெட்டதை அடையாளம் காண அந்தக் கணக்குத்தான் உதவும்.

ஓட்டிப் பார்க்கும்போது கேஜை பொனட்டுக்கு வெளியே எடுத்து, வைப்பருக்கு அடியில் முகம் உள்ளே தெரிய டேப் ஒட்டிக் கட்டு. ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் பார்க்க வேண்டும். பெற்றோல் நிறைந்த ஹோஸை எந்தக் காரணத்துக்காகவும் ஜன்னல் வழியாக வாகனத்துக்குள் எடுக்காதே.