சீரியல் எண் பூட்டை உடைத்துவிட்டார்கள், டாங்கிளுக்கு மாறலாமா?

கேள்வி: நான் எழுதி விற்கும் சரக்கு இருப்பு மென்பொருளின் சீரியல் எண் பூட்டை உடைத்து, இணையத்தில் இலவசமாகப் பரப்புகிறார்கள். யுஎஸ்பி டாங்கிள் (கணினியில் செருகினால்தான் மென்பொருள் இயங்கும் என்ற சிறு கருவி) வைக்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: டாங்கிளுக்குச் செலவு செய்யும் முன், பூட்டு எப்படி உடைந்தது என்று பாருங்கள். அந்தத் திருட்டுப் பிரதியோடு சீரியல் எண் தயாரிக்கும் கீஜென் வருகிறதா? அப்படியானால் எண்ணைச் சரிபார்க்கும் கணக்கு உங்கள் நிரலுக்குள்ளேயே இருக்கிறது, அதைப் படித்து எடுத்துவிட்டார்கள். இதற்கு நல்ல தீர்வு டிஜிட்டல் கையொப்பம். வாடிக்கையாளர் பெயர், பதிப்பு, காலக்கெடு எல்லாம் சேர்ந்த உரிமக் கோப்பில் உங்கள் ரகசியச் சாவியால் கையொப்பம் இடுங்கள். நிரலில் பொதுச் சாவி மட்டும் இருக்கட்டும். அதை வைத்துச் சரிபார்க்கலாம், புதிய உரிமம் உருவாக்க முடியாது. இப்படி இரண்டு சாவிகளைக் கொண்டு இயங்கும், பரவலாகப் புழங்கும் ஆர்எஸ்ஏ முறையே போதும், சொந்தமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

கீஜென் இல்லாமல் நிரலையே திருத்தியிருந்தால் கதை வேறு. சரிபார்க்கும் இடத்தில் ஒரே ஒரு கட்டளையை மாற்றினால் எந்தக் கையொப்பமும் பயனற்றுப் போகும். டாங்கிளும் இங்கேதான் தோற்கிறது. "டாங்கிள் செருகியிருக்கிறதா?" என்று மட்டும் கேட்கும் நிரலில் அந்தக் கேள்வியையே நீக்கிவிடுவார்கள். முக்கியமான கணக்கீடு ஒன்று டாங்கிளுக்குள்ளேயே நடந்தால்தான் அதற்கு மதிப்பு. விலை அதிகம், வாடிக்கையாளர் குறைவு என்ற தொழிலுக்கு அது சரி. உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

உரிமம் உண்டா என்ற சோதனையை நிரலில் பல இடங்களில் பரப்பி, தாமதமாக வேலை செய்யவைப்பது இன்னொரு வழி. 2000இல் வந்த ஸ்பைரோ விளையாட்டின் மூன்றாம் பாகத்தில் இப்படிச் செய்தார்கள். உடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஆனால் அந்த விளையாட்டு திருட்டுப் பிரதியில் தானே கோளாறு செய்துகொள்ளும். அதை நீங்கள் செய்யவே கூடாது. சோதனை ஒருமுறை தவறினால், பணம் கொடுத்தவரின் இருப்புக் கணக்கு கெட்டுவிடும்.

நான் அதிகம் நம்புவது, பிரதி எடுக்க முடியாத ஒன்றைச் சேர்ப்பது. கிளைகளுக்கு இடையே தரவை ஒத்திசைப்பது, காப்புப் பிரதி, புதுப்பிப்புகள், தொலைபேசி உதவி ஆகியவற்றை உங்கள் சர்வர் வழியாக, உரிமம் உள்ளவருக்கு மட்டும் கொடுங்கள். அந்த வேலை நடக்கும் நிரல் திருடுபவர் கைக்கே போவதில்லை. அதற்காக எப்போதும் இணைய இணைப்பு வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அப்படிக் கட்டாயப்படுத்திய யூபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தின் சர்வர்கள் 2010 மார்ச்சில் தாக்கப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலேயே விளையாட முடியவில்லை. மாதம் ஒருமுறை சரிபார்த்தால் போதும், அதற்கும் சில நாள் சலுகை கொடுங்கள்.

அப்புறம், வாங்கியவரின் நிறுவனப் பெயர் ஒவ்வொரு அறிக்கையின் தலைப்பிலும் உரிமக் கோப்பிலிருந்தே அச்சாகட்டும். அடுத்த கடையின் பெயரோடு யாரும் பில் கொடுக்க மாட்டார்கள். பிரதி கசிந்தாலும் யாரிடமிருந்து என்று தெரியும். கணினியோடு உரிமத்தைப் பிணைத்தால், பழைய கணினியை நீக்கிப் புதியதைச் சேர்க்கும் வசதியை வாடிக்கையாளரிடமே விடுங்கள். வட்டு பழுதாகி மாற்றியவர் உங்கள் அழைப்புக்காகக் கடையை மூடிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.