நாலு மீட்டருக்கு ஒரு உயிர்: வாசகர் கேள்வி பதில்

நான் சரித்திர டீச்சர். போன இதழ்ல சயாம் மரண ரயில் பத்தி நீங்க ரெண்டு வரி எழுதியிருந்தீங்க. எங்க புத்தகத்துல ரெண்டாம் உலகப்போர்னா ஹிட்லர், பேர்ல் ஹார்பர், ஹிரோஷிமா, அவ்ளோதான். இதை எப்படி ஐயா பிள்ளைங்களுக்குச் சொல்றது?

முதல்ல ஒரு மேப்பை மாட்டுங்கம்மா. 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போயிடுச்சு, அப்புறம் பர்மாவும் போச்சு. பர்மாவுல இருக்கிற படைக்கு கடல் வழியா சாமான் அனுப்பினா கப்பலை எதிரிப் படைங்க மூழ்கடிக்கிறாங்க, அதனால தாய்லாந்து (அதோட பழைய பேருதான் சயாம்) பான்பாங்ல இருந்து பர்மா தன்பியூசயாத் வரைக்கும் காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடணும்னு முடிவு பண்ணாங்க. வேலைக்கு ஜப்பான்கிட்ட பிடிபட்ட சுமார் 60,000 போர்க்கைதிங்க, பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, அதுபோக பர்மியர், ஜாவாக்காரங்க, மலாய்க்காரங்க, சீனர், தமிழர்னு கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் ஆசியத் தொழிலாளிங்க. கைதிங்கள்ல 12,000 பேருக்கு மேல செத்தாங்க, தொழிலாளிங்கள்ல சுமார் 90,000 பேர்.

மலாயாவுல (இப்ப மலேசியா) இருந்து மட்டும் சுமார் 75,000 பேர் போனாங்க, பெரும்பாலும் ரப்பர் தோட்டத்துத் தமிழங்க. ஏன் போனாங்கன்னு பிள்ளைங்க கேப்பாங்க, கேக்கணும். ரப்பர் ஏற்றுமதி நின்னு போச்சு, பால்மரம் சீவ ஆள் வேணாம், லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, அரிசி இல்ல, அந்த நேரத்துல மூணு மாச வேலை, தினக்கூலி, சாப்பாடுன்னு சொன்னா யார்தான் போகமாட்டான்? அப்புறம் போனவன் திரும்பலைன்னு தெரிஞ்சு ஆள் வர்றது நின்னதும் லாரியைக் கொண்டுவந்து லயத்து வாசல்ல நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போனாங்க, இலவசமா படம் காட்டுறோம்னு கூப்பிட்டு அப்படியே பிடிச்சதும் நடந்திருக்கு.

1943 மழைக்காலத்துல காலரா வந்துச்சு. இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க, நிறைய பேர் தப்பா சொல்றது இங்கதான். வெள்ளைக்காரன் உடம்பு தாங்குச்சு, நம்மாளு உடம்பு தாங்கலைன்னு சொல்வாங்க, அது சுத்தப் பொய். கைதிங்க கேம்ப்ல அவங்க ராணுவ டாக்டருங்களே கூட இருந்தாங்க, மருந்து இல்லைன்னாலும் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடி, தட்டை வெந்நீர்ல முக்குன்னு கண்டிப்பா இருந்தாங்க. தோட்டத்து ஆளுங்க கேம்ப்ல அப்படிச் சொல்ல பெரும்பாலும் ஆளே இல்ல. புருஷன், பொண்டாட்டி, புள்ளைகுட்டின்னு வந்தவங்க ஆத்துத் தண்ணியை அப்படியே மொண்டு குடிச்சாங்க, குடும்பத்தோட போனாங்க.

இன்னொண்ணு, தண்டவாளத்துக்கு அடியில போடுற ஒரு ஸ்லீப்பர் கட்டைக்கு ஒரு உயிர்னு ஒரு வாசகம் சுத்துது, அதை போர்டுல எழுதிப்போடாதீங்க. பிள்ளைங்களையே கணக்குப் போடச் சொல்லுங்க. முக்கால் மீட்டருக்கு ஒரு கட்டைன்னு வெச்சாலே அஞ்சரை லட்சம் கட்டை வரும், செத்தவங்க ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. 415 கிலோமீட்டரை அதால வகுத்தா நாலு மீட்டருக்கு ஒரு உயிர். கிளாஸ் ரூம்ல நாலு மீட்டரை அளந்து சாக்பீஸால கோடு போட்டுக் காட்டுங்க, பெரிசாக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

தாய்லாந்துல அந்த ரயில் பாதையில இருக்கிற காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன் சார். எத்தனை அழகா வெச்சிருக்காங்க, ஆனா செத்த தோட்டத்து ஆளுங்க பேரு ஒண்ணுகூட கண்ணுல படல. மனசு ஆறல. இது வேணும்னே பண்ண ஓரவஞ்சனையா?

உங்க கோபம் நியாயம் சார். அங்க இருக்கிற கிட்டத்தட்ட 7,000 கல்லறையும் கைதிங்களோடது, அதைப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை கமிஷனோட பொறுப்பு ராணுவத்துல செத்தவங்களுக்குத்தான்னு சட்டம் பேசி முடிச்சுட்டாங்க. ஆனா அதுக்கும் முன்னாடி ஒண்ணு நடந்திருக்கு. கேம்ப்ல இருந்த கைதிங்க யார் செத்தா, எந்த மரத்தடியில புதைச்சோம்னு உயிரைப் பணயம் வெச்சு ரகசியமா எழுதி ஒளிச்சு வெச்சாங்க. 1945 செப்டம்பர்ல ஒரு குழு அந்தக் குறிப்புகளை வெச்சுக்கிட்டு பாதை நெடுக போய் 144 இடுகாட்டுல பத்தாயிரத்துக்கும் மேல கல்லறையைக் கண்டுபிடிச்சுது. நம்ம ஆளுங்களுக்கு அப்படி எழுத ஆள் இல்ல, எழுதச் சொல்ல ஒரு அதிகாரமும் இல்ல, குழியில மொத்தமா தள்ளி மூடினதோட சரி.

இது இந்த ஒரு இடத்து விஷயமும் இல்ல. முதல் உலகப்போர்ல செத்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்துக்காரங்கள்ல குறைஞ்சது 1,16,000 பேருக்குப் பேர் சொல்லி நினைவுச்சின்னம் வைக்கலைன்னு அதே கமிஷனோட 2021 அறிக்கையே ஒத்துக்கிட்டுது.

எனக்கு இதுல வேற ஒரு வேதனை. நடுகல் நட்ட ஜாதி நாம. கல்லைத் தேடிப் பாக்கிறதுல இருந்து நட்டு வாழ்த்துறது வரைக்கும் தொல்காப்பியம் ஆறு படி சொல்லுது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒண்ணு இருக்கு, வீரன் பக்கத்துல ஒரு நாய், அது பேரு கோவிவன், ரெண்டு திருடனைக் கடிச்சுக் காவல் நின்னுச்சுன்னு கல்லுல வெட்டியிருக்கு. நாய்க்குக்கூட பேரை விடாம எழுதினவங்க பேரப்புள்ளைங்க பேரில்லாம போயிட்டாங்களேன்னு நினைச்சா தொண்டை அடைக்குது.

நேதாஜி ஜப்பான் கூடத்தானே சேர்ந்து போராடினார்? மரண ரயில் பத்திப் பேசினா அவரோட இந்திய தேசிய ராணுவத்தை (ஐ.என்.ஏ.) கொச்சைப்படுத்துற மாதிரி ஆகாதா?

ஆகாது. ரெண்டு முனையில இருந்தும் போட்டுக்கிட்டு வந்த தண்டவாளம் காட்டுக்குள்ள ஒண்ணா சேர்ந்தது 1943 அக்டோபர் 17. நேதாஜி சிங்கப்பூர்ல ஆசாத் ஹிந்த், அதாவது சுதந்திர இந்தியா, அரசாங்கத்தை அறிவிச்சது அக்டோபர் 21. நடுவுல நாலே நாள். கேப்டன் லட்சுமி தலைமையில ஐ.என்.ஏ.வோட பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில சேர்ந்த பொண்ணுங்கள்ல நிறைய பேர் இதே தோட்டத்துத் தமிழ்ப் பொண்ணுங்க. ஒரே லயத்துல அண்ணன் சயாமுக்கு லாரி ஏறியிருப்பான், தங்கச்சி துப்பாக்கி பிடிச்சு பரேடு போயிருப்பா. ஒண்ணைச் சொல்ல இன்னொண்ணை மறைக்கணும்னா அது பிள்ளைங்களை நம்பாத படிப்பு. ரெண்டையும் ஒரே பீரியட்ல சொல்லுங்க, அவங்க முடிச்சை அவங்களே அவிழ்க்கட்டும்.

இதெல்லாம் சொன்னா ஜப்பான்காரங்க மேல வெறுப்பு வராதா?

1945ல கல்லறை தேடிப் போன அந்தக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளரா போனவர் நாகாசே தகாஷி, ஜப்பான் ராணுவத்துல இருந்தவர். பார்த்தது அவரைத் தூங்க விடல, பிற்காலத்துல காஞ்சனபுரிக்குத் திரும்பத் திரும்ப வந்து பிராயச்சித்தம் தேடினார். அவர் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க.

எங்க கொள்ளுத்தாத்தா சயாமுக்குப் போய் திரும்பவே இல்லன்னு பாட்டி சொல்லும். செத்த தேதி தெரியாததால திதி கூட குடுக்கல. பாட்டிக்கு இப்ப 88 வயசு. இனிமே நான் என்னம்மா பண்ண முடியும்னு பாட்டி என்கிட்ட கேக்கறா. என்ன சொல்றது ஐயா?

தேதி தெரியாதவங்களுக்கு மகாளய அமாவாசை அன்னைக்குக் குடுக்கிற வழக்கம் இருக்கேம்மா, பாட்டி மனசு ஆறும், இந்த வருஷமே பண்ணுங்க. ஆனா அதுக்கு முன்னாடி இந்த வாரமே பாட்டி பக்கத்துல உக்காந்து போன்ல ரெக்கார்டரைப் போடுங்க. கொள்ளுத்தாத்தா பேரு, அவர் அப்பா பேரு, எந்தத் தோட்டம், மலாயாவுக்குக் கப்பலேறுறதுக்கு முன்னாடி எந்த ஊரு, கூட லாரி ஏறினது யாரு, போறப்ப என்ன உடுத்தியிருந்தார், எல்லாத்தையும் கேளுங்க. அவசரப்படுத்தாதீங்க, நடுவுல பாட்டி பேசாம இருந்தா நீங்களும் பேசாம இருங்க. சொன்னதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல இந்தப் பக்கத்துல முதல்ல உங்க கொள்ளுத்தாத்தா பேரைத்தான் போடப்போறேன்.