பெயர்த் தகடு இல்லாத பழைய ஷேப்பர் மெசின் வாங்கலாமா?

இரண்டு லேத்தும் ஒரு ட்ரில்லும் வைத்துப் பட்டறை நடத்துகிறீர்கள், மருதானையில் மூடப்போகிற ஒரு பட்டறையில் பெயர்த் தகடுகூட இல்லாத பழைய ஷேப்பர் (டூலை முன்னும் பின்னும் ஓட்டி இரும்பைச் சீவுகிற மெசின்) விலைக்கு வந்திருக்கிறது, அதை எடுப்பதா அல்லது மில்லிங் மெசினுக்குக் காசு சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கீவே வேலை, அதாவது சக்கரம் ஷாஃப்ட்டில் நழுவாமல் பிடிக்கிற கட்டைக்குக் காடி வெட்டுகிற வேலை, உங்களிடம் வருகிறது என்றால் தயங்காமல் எடுங்கள். நான் கிராண்ட்பாஸில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், இதே மாதிரி ஒன்றை வாங்கி ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன்.

25 மில்லிமீற்றர் ஷாஃப்ட்டில் ஏறும் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே கீவே போடச் சொல்வார்கள். 8 மில்லிமீற்றர் அகலம், 3.3 ஆழம். சாதாரண மில்லிங் மெசினின் கட்டர் அந்தத் துளைக்குள் போகாது, புரோச் (துளைக்குள் தள்ளிக் காடி வெட்டுகிற பல்வைத்த கம்பி) வாங்கினால் ஒவ்வொரு அளவுக்கும் ஒன்று வாங்க வேண்டும். லேத்தில், டூல் இருக்கும் கேரேஜைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி வெட்டலாம், நானும் வெட்டியிருக்கிறேன், ஆனால் தோள் போய்விடும், கேரேஜை நகர்த்தும் ரேக்கின் பல்லும் போய்விடும். ஷேப்பருக்கு ஒரு துண்டு ஹைஸ்பீட் டூல் போதும், நம்முடைய கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம்.

பார்க்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பக்கக் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கையால் இழுத்து, உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, டோர்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். அதில் ஒரு பல் உடைந்திருந்தாலும் நான் வாங்க மாட்டேன். தயாரித்தவர் பெயரே தெரியாத மெசினுக்கு அந்தச் சக்கரம் வேறெங்கும் கிடைக்காது, வெட்டிக் கொடுக்கச் சொன்னால் மெசினின் விலையைத் தாண்டிவிடும்.

அப்புறம் ராமின் (டூலை முன்னும் பின்னும் கொண்டுபோகும் நீளமான பாகம்) கிப்பை, அதாவது அதன் ஆட்டத்தைக் குறைக்க இறுக்கும் பட்டையை, ராம் நடுவில் நிற்கும்போது இறுக்கிவிட்டு, மெதுவாக முழு நீளமும் ஓட்டிப் பாருங்கள். தேய்மானம் நடுவில்தான் அதிகம் இருக்கும். அதனால் நடுவில் சரியாக ஓடுகிற ராம் இரண்டு முனையிலும் பிடித்தால், ஸ்லைட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் பிடித்தால் பரவாயில்லை, விலையில் குறைக்கச் சொல்லலாம். டூல் பிடிக்கிற கிளாப்பர் பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் கையால் அசைத்துப் பாருங்கள், அது ஆடினால் கீவே நேராக வராது.

என்னுடையதை முதல்முறை ஓட்டியபோது ஒவ்வொரு அடியின் முடிவிலும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். இரத்மலானை ரயில்வே வேர்க்‌ஷொப்பில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக் பாஸைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் மெசினைத் தொடவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து அடி கேட்டுவிட்டு, “தம்பி, லிங்க்குக்குள் ஓடுகிற புளொக் தேய்ந்திருக்கு, கழற்று” என்றார். லிங்க் என்பது அந்தப் பெரிய பல்சக்கரம் சுற்றும்போது ஆடி ராமைத் தள்ளுகிற கை. கழற்றினால் கருகிப்போன ஒயில் பசைக்குள் ஒரு சின்னச் சதுரக் கட்டை, ஒரு பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சரிந்திருந்தது. ஒரு கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) துண்டை வெட்டி, நீல மை பூசி, லிங்க்கில் ஓடவிட்டு, மை பட்ட இடத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டி இரண்டு நாளில் பொருத்தினோம். அன்றைக்கு நின்ற சத்தம் இன்னும் வரவில்லை. ஆக, இந்தச் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

எந்த நாட்டு மெசின் என்று நட்டைப் பார்த்தே ஊகிக்கலாம். ஒரு நட்டில் 24 மில்லிமீற்றர் ஸ்பேனர் ஆடுகிறது, 23 ஏறவில்லை என்றால் அது விட்வர்த் (பழைய இங்கிலாந்து அங்குல அளவு) ஆக இருக்கலாம், அதாவது பெரும்பாலும் இங்கிலாந்து மெசின். 1/2 விட்வர்த் ஸ்பேனரின் வாய் ஏறக்குறைய 23.4 மில்லிமீற்றர். அந்த ஸ்பேனர்கள் விற்பவரிடம் இருந்தால் வேலைத் துண்டைப் பிடிக்கும் வைஸோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் விட்டு, பிறகு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

கரண்ட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஜப்பான் மெசின் என்றால் மோட்டர் பெரும்பாலும் 200 வோல்ட் த்ரீ பேஸாக இருக்கும், நம்முடைய 400 வோல்ட்டில் நேரே கொடுத்தால் எரிந்துவிடும், ட்ரான்ஸ்ஃபோர்மர் வேண்டும். பட்டறையில் சிங்கிள் பேஸ் மட்டும்தான் என்றால், மோட்டர் தகட்டில் 230/400 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மோட்டரின் உள் இணைப்பை டெல்டாவுக்கு (230 வோல்ட் இணைப்புக்கு) மாற்றி, சிங்கிள் பேஸ் வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸ் கொடுக்கிற இன்வேர்ட்டரில் ஓட்டலாம்.

ஏற்றும்போது ராமில் மட்டும் கயிறு போட்டுத் தூக்க விடாதீர்கள். ராமை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கி, மேசையைக் கீழே இறக்கிவிட்டு, அலவாங்கால் நெம்பி குழாய் உருளையில் தள்ளுங்கள். இது வார்ப்பிரும்பு, விழுந்தால் வளையாது, உடையும்.

பட்டறையில் வைக்கும்போது சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். ஷேப்பரின் ராம் பின்பக்கமும் வெளியே வரும், அங்கே யாராவது குனிந்து எதையாவது பொறுக்கிக்கொண்டிருந்தால் சுவருக்கும் ராமுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். நான் பின்னால் நாலடி விட்டு, இரும்புக் குழாயில் ஒரு கம்பி வேலி அடித்திருக்கிறேன்.